சாமி அறையில் இருந்த நாஸ் பெட்டி

எங்கள் பழைய கொம்பனியின் சேர்விஸ் பிரிவில் இப்போது வேலை செய்பவர்கள் போன மாதம் ஓர் ஒன்றுகூடலுக்கு என்னை அழைத்திருந்தார்கள். தேநீர் குடிக்கும்போது இளம் பொறியியலாளர் ஒருவர் புத்தக அளவில் ஒரு பெட்டியைக் காட்டினார். வீட்டில் உள்ள எல்லாக் கொம்பியூட்டர்களின் படங்களையும் கோப்புகளையும் ஒரே இடத்தில் சேர்த்து வைக்கிற நாஸ் பெட்டி. வேகம் போதவில்லை என்று வாடிக்கையாளர் கொண்டுவந்தாராம். புரொசெசரைப் பலகையோடு சேர்த்தே ஒட்டியிருப்பதால் மாற்ற முடியாது, புதிதாக ஒன்று வாங்குங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். முன்பு நீங்கள் இதற்குள் புரொசெசரே மாற்றினீர்களாமே, உண்மையா என்று கேட்டார். உண்மைதான் என்றேன். உடனே நாலைந்து பேர் கதிரையை இழுத்துக்கொண்டு சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். என்னை நாலு பேர் ஒன்றாகப் பார்த்தால் எனக்கு நாக்கு எழாது. எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பி வந்தேன். இது அந்தக் கடன்.

நான் கொட்டாஞ்சேனைக்காரன். தட்டச்சு இயந்திரம் திருத்துகிறவனாக வேலைக்குச் சேர்ந்து, பிறகு பிரிண்டர், பிறகு கொம்பியூட்டர் என்று காலம் இழுத்த பக்கமெல்லாம் போனவன். பயிற்சி என்று சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. கெட்டுப்போனவற்றைத் திறந்து பார்த்து, திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டதுதான். வேலை என்றால் இப்படித்தான் செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது மிஸிஸ் சிவபாலன் எங்கள் கொள்ளுப்பிட்டி அலுவலகத்துக்குச் சேர்விஸ் மனேஜராக வந்த பிறகுதான். நாங்கள் எல்லோரும் அவரை மிஸ் என்போம். யாழ்ப்பாணத்தில் பிறந்து வெள்ளவத்தையில் குடியிருந்தவர். ஐம்பதை நெருங்கிய வயது. நெட்டையான உருவம், பருத்திச் சேலை, காதில் எப்போதும் ஒரு பென்சில். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அதனாலேயே எங்களுக்கு அவரிடம் பயம்.

ஒரு பெட்டியைத் திறக்குமுன் மிஸ் ஒரு வெள்ளைத் தாளில் அதன் படத்தைக் கீறுவார். கழற்றுகிற ஒவ்வொரு ஆணியையும் அது இருந்த இடத்தைத் தாளில் பார்த்து அங்கேயே வைப்பார். வேலை முடிந்து தாள் வெறுமையானால்தான் மூடியைப் பூட்டுவார். மின்சாரத்தை அவர் நிறுத்தமாட்டார், வீட்டுக்காரரின் கையாலேயே நிறுத்த வைப்பார். அப்போதுதான் இது தன் சாமான் என்ற நினைவு அவருக்கும் நமக்கும் இருக்கும் என்பார். அதற்கு முன் ஒரு கேள்வி கேட்பார். பெட்டியின் வயது, விலை, வேகம் எதையும் கேட்கமாட்டார். "இதுக்குள்ளை ஆருடைய சாமான் இருக்கு?" என்பதுதான் கேள்வி. ஆட்கள் முதலில் முழிப்பார்கள். பிறகு மகனின் படிப்பு, கடைக் கணக்கு, செத்துப்போன தகப்பனின் குரல் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். பதிலைக் கேட்ட பிறகுதான் திருப்புளியைக் கையில் எடுப்பார்.

வீடுகளுக்குப் போய் வேலை செய்யும் வழக்கத்தையும் அவர்தான் கொண்டுவந்தார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. போர் உச்சத்தில் இருந்த காலம் அது. காலி வீதியில் நூறு யார் நடந்தால் ஒரு சோதனைச் சாவடி. நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில் சட்டத்தரணி ஒருவரின் ஹார்ட் டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு நான் ஒருநாள் அலுவலகத்துக்கு வந்துகொண்டிருந்தேன். சாவடியில் நின்ற சிப்பாய் அதை வெளியே எடுத்து, "மே மொகக்த?", இது என்ன என்று கேட்டார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் இது கொம்பியூட்டரின் ஞாபகசக்தி என்று விளக்கினேன். அவர் அதைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துத் தேங்காய் ஆட்டிப் பார்ப்பதுபோல நன்றாக ஆட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். அவரில் பிழை சொல்ல முடியாது, அவருடைய பயம் அவருக்கு. சட்டத்தரணியின் வழக்குகள் எல்லாம் அந்த ஆட்டத்தோடு போய்விட்டன. அதற்குப் பிறகு மிஸ், டிஸ்க் வீட்டுப் படியைத் தாண்டக் கூடாது, நாங்கள்தான் தாண்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

இனி அந்த நாஸ் பெட்டிக்கு வருகிறேன்.

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், மாடி வீடு ஒன்றில் குலசிங்கம் என்று ஒரு கல்யாணப் படப்பிடிப்பாளர் இருந்தார். வீடுதான் ஸ்டூடியோ. அவரும் மனைவி புவனேஸ்வரியும் இரண்டு கொம்பியூட்டர்களில் படங்களைத் திருத்துவார்கள். படங்கள் அனைத்தும் அவருடைய தம்பி லண்டனிலிருந்து கொண்டுவந்து கொடுத்த ஒரு நாஸ் பெட்டியில் இருந்தன. நாலு டிஸ்க் போடுகிற கனத்த பெட்டி. மடிக்கணினிக்குப் போடுகிற சின்ன வகைப் புரொசெசர் ஒன்று அதற்குள் ஒரு குழியில் செருகப்பட்டிருந்தது. வேண்டுமானால் கழற்றி வேறு போடலாம்.

அந்தப் பெட்டி இருந்த இடம் சாமி அறை. முன்பு விறாந்தையில்தான் வைத்திருந்தார்களாம். ஒரு சுற்றிவளைப்பில் வீடு வீடாகச் சோதிக்க வந்த இராணுவத்தினர், வயர்களோடு பச்சை லைட் மின்னுகிற பெட்டியைக் கண்டுவிட்டு வீட்டாரை வெளியே நிறுத்தி நெடுநேரம் விசாரித்தார்கள். சாமி அறை வாசலில் மட்டும் சப்பாத்தோடு நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்களாம். அதைக் கவனித்த புவனேஸ்வரி அக்கா மறுநாளே பெட்டியைப் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டார். யோசனை அருமையானது. பெட்டிக்குத்தான் மூச்சு முட்டியது.

நாங்கள் போனது ஒரு வெள்ளிக்கிழமை காலை. மிஸ் வழக்கமான கேள்வியைக் கேட்டார். குலசிங்கம் கதிரையில் இருந்த ஒரு பெண்ணைக் காட்டினார். தர்ஷினி என்று பெயர். யாழ்ப்பாணத்திலிருந்து தாயோடு வந்து கொட்டாஞ்சேனை லொட்ஜ் ஒன்றில் தங்கியிருந்தாள். கனடா மாப்பிள்ளையோடு வெள்ளவத்தை மண்டபம் ஒன்றில் கல்யாணம் நடந்து, மாப்பிள்ளை திரும்பிப் போய்விட்டார். அவள் போவதற்கு விசா கேட்டபோது தூதரகத்தில் மறுத்துவிட்டார்கள். கொடுத்த அல்பத்தில் எல்லாம் மேடையில் நின்று எடுத்த படங்கள், இது விசாவுக்காகச் செய்த கல்யாணமாக இருக்கலாம் என்பது அவர்களுடைய சந்தேகம். இன்னொரு தடவை கூப்பிட்டிருந்தார்கள். திங்கட்கிழமை நேர்முகம். வேறு படங்கள் இருந்தால் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். குலசிங்கம் எடுத்த அந்த வேறு படங்கள் இந்தப் பெட்டியைத் தவிர வேறெங்கும் இல்லை. இந்தமுறையும் மறுத்தால் இன்னும் எத்தனை வருடம் லொட்ஜில் கிடக்க வேண்டுமோ என்று பக்கத்தில் இருந்த தாய் சொன்னார். அந்தப் பிள்ளை கைக்குட்டையைச் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தது.

முதலில் இருக்கிறபடியே பிரதி எடுக்கப் பார்த்தோம். பெட்டி கொஞ்சத் தூரம் ஓடும், பிறகு நின்றுவிடும். இரண்டாம் முறையும் அப்படியே நின்றது. மூன்றாம் முறை நான் கையை வைக்கப் போனேன், மிஸ் தடுத்துவிட்டார். நின்று விழும் ஒவ்வொரு தடவையும் டிஸ்க்குகளும் சேர்ந்து அடிவாங்குகின்றன என்றார். டிஸ்க்கைக் கழற்றி வேறு கொம்பியூட்டரில் படிக்கவும் வழியில்லை, ஒவ்வொரு படமும் துண்டு துண்டாக நாலு டிஸ்க்கிலும் பரவிக் கிடக்கும். ஆகவே இருந்த இடத்திலேயே பெட்டிக்குப் புது உயிர் கொடுக்க வேண்டும். வேகமான புரொசெசர் ஒன்று, கூடுதலான மெமரி, புது விசிறி எல்லாம் மிஸ்ஸின் பையில் இருந்தன. அவர் வெறும் பையோடு எங்கும் போனதில்லை.

சாப்பாட்டு மேசையில் தாளை விரித்தோம். குலசிங்கம் சுவிட்சை நிறுத்தினார். மூடியைக் கழற்றியதும் ஊதுபத்திப் புகை, விளக்கெண்ணெய்ப் பிசுக்கு, திருநீறு எல்லாம் சேர்ந்து சாம்பல் நிறத்தில் ஒரு மெத்தையாக விசிறியை மூடியிருந்தது தெரிந்தது. விரலால் தள்ளினாலும் அது சுற்றவில்லை. மிஸ் புவனேஸ்வரி அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"அக்கா, திருநீறு, குங்குமம், ஒரு தூளும் இதுக்குக் கிட்ட வரப்படாது. தூள்தான் இதுக்குச் சத்துரு."

அக்கா மிகவும் கவனமாகக் கேட்டுக்கொண்டார். நான் தூரிகையால் தூசியைத் தட்டி எடுத்தேன். மிஸ் வெப்பத் தகட்டைக் கழற்றி, பக்கத்தில் இருந்த சின்னத் திருகைத் திருப்பி, பழைய புரொசெசரை ஆட்டாமல் அசைக்காமல் நேர்மேலாகத் தூக்கினார். அது இருந்த குழி வெண்மஞ்சள் பிளாஸ்ரிக். ஊசிமுனை போகிற அளவு துளைகள் வரிசையாக நிறைந்திருக்கும்.

அதற்குள் சாப்பாட்டு நேரமாகிவிட்டது. வேலை முடியாமல் சாப்பிடுவது மிஸ்ஸுக்குப் பிடிக்காது. ஆனால் வெள்ளிக்கிழமைச் சைவச் சாப்பாடு, அதுவும் அந்த அக்கா விடியவே எழும்பிச் சமைத்தது. வேண்டாம் என்று சொன்னால் அந்த வீட்டில் பெட்டி பழுதானதை விடப் பெரிய துக்கமாகிவிடும். மேசை வேண்டும் என்பதால், திறந்த பெட்டியை ஒரு துவாயில் வைத்துச் சாமி அறையில் விட்டுவிட்டுச் சாப்பிட்டோம். கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பின் ருசி இன்னும் நினைவிருக்கிறது.

சாப்பிட்டு முடிந்ததும் புதுப் புரொசெசரைக் குழியில் இறக்கினோம். மேலே உளுந்தளவு வெப்பப் பசை, அதற்கு மேல் தகடு, விசிறி, மெமரி. தாளில் இருந்த ஆணிகள் ஒவ்வொன்றாகத் தங்கள் இடத்துக்குப் போயின. குலசிங்கம் சுவிட்சைப் போட்டார். நாலு பச்சை லைட்டும் வந்தன. கோப்புகள் நினைத்த மாத்திரத்தில் திறந்தன. தர்ஷினி முதல்முறையாகச் சிரித்தாள். பிரதி எடுக்கத் தொடங்கினோம். பெட்டி நன்றாகச் சூடேறிய நேரத்தில் அப்படியே செத்துப்போனது.

திரும்பப் போட்டோம், வந்தது. சூடேறியது, செத்தது. அதற்கு அடுத்த முறை ஒரு டிஸ்க்கின் லைட் பச்சையிலிருந்து செம்மஞ்சளாக மாறியது. அந்த டிஸ்க்கைப் பெட்டி கைவிட்டுவிட்டது என்று அர்த்தம். இன்னொன்றும் போனால் எல்லாமே போய்விடும். குலசிங்கத்துக்கு வாய் கட்டவிழ்ந்தது. முதலில் லண்டன் தம்பியைத் திட்டினார், பிறகு பெட்டியை, கடைசியில் எங்களை. கொஞ்சமாவது ஓடிக்கொண்டிருந்ததையும் பெரிய கொம்பனி என்று வந்து கொன்றுவிட்டீர்கள் என்றார். எனக்குக் காது சூடாகிப் பதில் சொல்ல வாயெடுத்தேன். மிஸ் என் கையைத் தொட்டார். குலசிங்கத்திடம், அவர் கோபப்படுவது நியாயம்தான் என்றும், ஆனால் இனி ஒருவரும் ஒன்றையும் தொட வேண்டாம் என்றும் மெதுவாகச் சொன்னார். பிறகு கதிரையில் உட்கார்ந்து, காலையிலிருந்து செய்ததை முதலில் இருந்து வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினார்.

"மூடி கழட்டினம். தூசி தட்டினம். பழைய புரொசெசரை எடுத்தம். பிறகு சாப்பிட்டம்."

அந்த இடத்தில் நிறுத்தினார். "நாங்கள் சாப்பிடேக்கை பெட்டி எங்கை இருந்தது?"

சாமி அறையில் என்றேன். மிஸ் எழுந்து பெட்டியைத் திறந்தார். தகட்டை எடுத்தார், புரொசெசரை நேர்மேலாகத் தூக்கினார். தூக்கியதை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். பழுதான எத்தனையோ சாமானை நான் மணந்து பார்த்திருக்கிறேன். கருகிய வயர், கசிந்த பற்றரி எல்லாம் தெரியும். இது சந்தனம் மணத்தது.

குசினி வாசலில் நின்ற புவனேஸ்வரி அக்காவின் முகத்தில் இரத்தம் இல்லை.

"புதுச் சாமான் போடப் போறீங்கள் எண்டு..." என்று அவர் தொடங்கினார். "இந்தப் பிள்ளையின்ரை காரியம் சரிவர வேணுமெண்டு வைச்சனான். தூள் கூடாதெண்டு நீங்கள் சொன்னீங்கள்தானே. அதாலை குங்குமம் வைக்கேல்லை. சந்தனம் மட்டுந்தான்."

சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. சந்தனம் தூள் இல்லை, குழைத்த பசை. புது வண்டிக்கும் புதுக் கல்லாவுக்கும் பொட்டு வைக்கிற கை, நாங்கள் வெறுமையாக விட்டுவைத்திருந்த குழிதான் அந்தப் பெட்டியின் நெஞ்சு என்று கண்டு, அதன் நடுவில் வைத்திருக்கிறது. வெண்மஞ்சள் பிளாஸ்ரிக்கில் வெண்மஞ்சள் சந்தனம், எங்கள் இரண்டு பேருடைய கண்ணிலும் படவில்லை. புரொசெசரின் ஊசிகள் அதைத் துளைகளுக்குள் தள்ளிவிட்டன. ஆறியிருக்கும்போது ஊசி தொடும், சூடேறி எல்லாம் விரியும்போது எங்கோ ஒன்று தொடாமல் போகும்.

குலசிங்கம் மனைவியின் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். மிஸ் குறுக்கே வந்து நின்றார்.

"அண்ணை, அவ நல்லதுக்கு வைச்சவ. வைச்ச இடந்தான் பிழை. நீங்கள் கொஞ்சம் அங்காலை இருங்கோ."

அதன் பிறகு அவர் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். குழியைத் தான் துடைக்கவில்லை, என்னிடமும் தரவில்லை. அக்காவைக் கூப்பிட்டு மேசையில் உட்கார வைத்தார். எந்த இடத்தில் எவ்வளவு வைத்தீர்கள் என்பது உங்கள் விரலுக்குத்தான் தெரியும் என்று சொல்லி, பூதக்கண்ணாடியையும் ஸ்பிரிட்டில் நனைத்த மெல்லிய தூரிகையையும் கையில் கொடுத்தார். வாடிக்கையாளர் வீட்டு அம்மா அந்தக் குழியைத் தொடுவதா? வெளியில் தெரிந்தால் சேர்விஸ் பிரிவையே பார்த்துச் சிரிப்பார்கள். டோர்ச்சைப் பிடி என்று மட்டும் மிஸ் என்னிடம் சொன்னார். கல்யாணப் படங்களில் ஒரு முடியிழை கலைந்திருந்தாலும் கண்டுபிடித்துத் திருத்துகிற கண் அந்த அக்காவுக்கு. மூச்சை அடக்கிக்கொண்டு துளை துளையாகச் சுத்தம் செய்தார். அவர் அழுதுகொண்டு மூலையில் கிடக்காமல் வேலை செய்தார். அதற்காகத்தான் மிஸ் கொடுத்தார் என்று எனக்கு விளங்கவே நேரம் எடுத்தது. மணப்பெண்களின் தலைமயிர் உலர்த்துகிற கருவியைக் குளிர்காற்றில் வைத்துக் குழியைக் காயவைத்தோம்.

இந்தமுறை பெட்டி சூடேறியும் நிற்கவில்லை. மூன்று பச்சை, ஒரு செம்மஞ்சள். கைவிடப்பட்ட டிஸ்க்கை முதலில் சரிசெய்வோமா என்று கேட்டேன். மிஸ் மறுத்துவிட்டார். மூன்று டிஸ்க் இருந்தால் நாலாவதன் பங்கையும் பெட்டி கணக்குப் போட்டுச் சொல்லிவிடும், அது உயிரோடு இருக்கும்போதே படங்களை வெளியே எடுத்துவிட வேண்டும், வைத்தியம் பிறகு என்றார். நல்ல படங்களை மட்டும் தெரிவு செய்து தருகிறேன் என்று குலசிங்கம் அவசரப்பட்டார்.

"தெரிவு செய்யிறது பிறகு அண்ணை. எது நல்லது எண்டு இப்ப ஒருத்தருக்கும் தெரியாது. எல்லாத்தையும் எடுப்பம்."

எடுத்து முடிக்க மாலையாகிவிட்டது. மூடியைப் பூட்டிய பிறகு மிஸ் அக்காவிடம் சந்தனக் கிண்ணத்தைக் கொண்டுவரச் சொன்னார். அக்கா தயங்கினார். மிஸ் பெட்டியைத் தூக்கிப் பிடித்து, மூடியின் வெளிப்பக்கத்தைக் காட்டி, இங்கே எவ்வளவு வேண்டுமானாலும் வையுங்கள் என்றார். அக்கா சிரித்துக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும் வைத்தார். பெட்டிக்கு விறாந்தையில், காற்றுப் படுகிற ஓர் அலுமாரிக்குள் இடம் பார்த்துக் கொடுத்துவிட்டுத்தான் நாங்கள் புறப்பட்டோம். வீதியில் இறங்கியதும் மிஸ் என்னிடம், இனிமேல் சாப்பிடப் போகுமுன் திறந்த குழியை மூடி வைக்க வேண்டும், அதை நான் மறந்துவிட்டேன் என்றார். அவருடைய இடத்தில் நானாக இருந்தால் பழியைச் சந்தனத்தோடு விட்டிருப்பேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வேறு கல்யாணங்கள் இருந்ததால் குலசிங்கத்துக்குப் படங்களைத் தெரிவு செய்ய நேரம் கிடைக்கவில்லை. இருந்த அத்தனையையும் சின்ன அளவில் அச்சடித்து, ஒரு கடதாசிப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டார்.

திங்கட்கிழமை மதியம் தாயும் மகளும் எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்கள். இருவரும் அழுது ஓய்ந்த முகத்தோடு இருந்ததைப் பார்த்து, இந்தமுறையும் மறுத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். மிஸ் கதிரை கொடுத்துத் தண்ணீர் கொடுத்தார். தர்ஷினி பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

கல்யாணம் முடிந்து திரும்பும்போது காலி வீதிச் சாவடியில் எடுத்த படம். பின்னால் வந்த வாகனத்தில் இருந்த குலசிங்கம் கண்ணாடிக்குள்ளால் எடுத்திருக்கிறார். சாவடியைப் படம் எடுத்தால் என்ன நடக்கும் என்று தெரிந்த பயத்தில் யாருக்கும் சொல்லவில்லை. தெரிவு செய்ய நேரம் கிடைத்திருந்தால் அவர் முதலில் கழித்திருப்பது அதைத்தான். ஒரு பக்கத்தில் பெண்களைச் சோதிக்கிற திரைத் துணி மறைப்பு. அதற்கு வெளியே வெயிலில் மாப்பிள்ளை, பட்டு வேட்டி, தலைப்பாகை, கழுத்தில் மாலையோடு நிற்கிறார். ஒரு கையில் இரண்டு பேருடைய அடையாள அட்டைகள். மற்றக் கையில் இன்னொரு மாலை, பூ நசுங்காதபடி உடம்பிலிருந்து தள்ளி, சின்னப் பிள்ளையை ஏந்துவதுபோல ஏந்தியிருக்கிறார். கண் அந்தத் திரையை விட்டு அசையவில்லை.

தூதரக அதிகாரி மற்றப் படங்களை எல்லாம் சீட்டுப் பிரிப்பதுபோலத் தள்ளிக்கொண்டு வந்து இதில் நின்றாராம். இவர் ஏன் இரண்டு மாலை வைத்திருக்கிறார் என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டாராம். சோதிக்க வந்த பெண் மாலையைக் கழற்றச் சொன்னாள், அதனால் அவரிடம் கொடுத்துவிட்டுப் போனேன் என்று சொல்லத் தொடங்கியவளால் மேற்கொண்டு சொல்ல முடியவில்லையாம். அதிகாரி கோப்பை மூடி, கடவுச்சீட்டைக் கொண்டுவந்து கொடுக்கச் சொல்லிவிட்டாராம்.

"விசா கிடைச்சிட்டுது எண்டு ஏன் பிள்ளை அழுறீங்கள்?" என்று மிஸ் கேட்டார்.

தர்ஷினி படத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நான் உள்ளுக்கை நிண்டனான் மிஸ். அவர் வெளியிலை இப்பிடி நிண்டவர் எண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்."